குளத்தைச் சுத்தம் செய்துவிட்டோம், இப்போது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்: என்ன செய்ய?

உடைமரக்காடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர். ஊர்ப் பெயர் இப்போதைக்கு வேண்டாம். ஊருக்கு மேற்கே ஒரு மானாவாரிக் குளம் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷமாக உள்வாய் முழுக்க உடைமரம் மண்டி, குளம் எது காடு எது என்று தெரியாமல் கிடந்தது. போன கோடையில் எங்கள் இளைஞர் மன்றம் இறங்கியது. சென்னை, திருப்பூர், துபாய் என்று வெளியே இருப்பவர்கள் பணம் அனுப்பினார்கள். ஹிட்டாச்சி வாடகைக்குப் பிடித்து மரத்தை வேரோடு பிடுங்கி, வரத்துக்காலையும் வெட்டிவிட்டோம். இந்தக் கார்த்திகையில் முக்கால் குளம் தண்ணீர் நின்றது. ஊரே கரையில் நின்று பார்த்தது.

இப்போது ஊராட்சித் தலைவர் மூன்று பக்கத்தில் ஒரு 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், வேலை ஆரம்பித்த அன்றைக்குத் தேங்காய் உடைத்தவரே அவர்தான். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. 'குளத்தின் பராமரிப்புப் பொறுப்பு முழுவதும் மன்றத்தையே சாரும்.' 'ஊராட்சி நிர்வாகம் தேவையான ஒத்துழைப்பை வழங்கும்.' மூன்று பக்கத்தையும் சுருக்கினால் இவ்வளவுதான். என்ன ஒத்துழைப்பு, எத்தனை நாளைக்கு, ஒன்றும் கிடையாது.

மன்றத்தில் பாதிப் பேர் போடலாம் என்கிறார்கள், பாதிப் பேர் போடவே கூடாது என்கிறார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தச்சநல்லூர் டீக்கடை

தேங்காய் உடைத்த போட்டோவைப் பத்திரமாக வையுங்கள். பிற்பாடு 'நீங்கள் யார், குளத்துக்குள் ஏன் வண்டி இறக்கினீர்கள்' என்று யாராவது கேட்டால் அது ஒன்றுதான் சாட்சி.

பழைய கோப்பு

தம்பி, நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். மூன்று பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொல். அந்தக் குளத்துக்கு ஆயக்கட்டு, அதாவது அதில் பாயும் நிலம், எத்தனை ஏக்கர்?

உடைமரக்காடு

அறுபது ஏக்கருக்கு உள்ளேதான் அண்ணாச்சி. ஏன்?

பழைய கோப்பு

அப்படியானால் நீங்கள் கையெழுத்துப் போடப் போகும் ஆளே தப்பு.

ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட நூறு ஏக்கர், அதற்கு மேல் போனால் குளம் நீர்வளத் துறையுடையது. 2021 வரைக்கும் பொதுப்பணித் துறை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதிலிருந்து பிரித்ததுதான். அதற்குக் கீழே உள்ள பாசனக் குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் கையில். கிராம ஊராட்சித் தலைவர் உங்களுக்குக் குளத்தை எழுதிக் கொடுப்பது, பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் மாட்டை வாடகைக்கு விட்ட கதை. அவர் மனசில் கள்ளம் இல்லை. ஊரில் இருக்கிற குளம் ஊராட்சிக் குளம்தானே என்று நினைத்திருப்பார். நான் பார்த்த தலைவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. குளம் ஒன்றியத்துடையதாக இருந்தாலும், மீன் பிடிக்க விடும் மீன்பாசிக் குத்தகை வருமானமும், புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்கக் கொடுக்கும் 2சி மரப்பட்டா கட்டணமும் கிராம ஊராட்சியின் வரியில்லாத வருவாய்ப் பட்டியலில் நிற்கும். ஆக, கரை உடைந்தால் ஒன்றியத்திடம் போக வேண்டும், மீன் காசைப் பற்றிப் பேச ஊராட்சியிடம் போக வேண்டும். இரண்டு பேரும் உட்காராத ஒப்பந்தம் உங்களுக்கு உதவாது.

அப்புறம், பிடுங்கிய உடைமரம் எங்கே போனது?

உடைமரக்காடு

ஹிட்டாச்சி வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லி விறகு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டோம். வேறு வழி இல்லை அண்ணாச்சி, கையில் அவ்வளவு காசு கிடையாது.

பழைய கோப்பு

நினைத்தேன். புறம்போக்கில் நிற்கும் மரம் அரசு சொத்து. மதிப்புப் போட்டு ஏலம் விட்டிருக்க வேண்டும். இதுவரை யாரும் கேட்கவில்லை என்றால் உங்கள் அதிர்ஷ்டம். ஒப்பந்தத்தின் முதல் பத்தியிலேயே 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை மன்றம் தன் செலவில் இன்னின்ன வேலை செய்தது, அகற்றிய மரத்தின் மதிப்பு அந்தச் செலவில் சரிக்கட்டப்பட்டது' என்று எழுதி, ஒன்றியக் குழுவில் தீர்மானமாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நாலு வருஷம் கழித்துத் தணிக்கைக்காரர் சிவப்பு மையில் எழுதுவார். அன்றைக்குத் தலைவர் இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

வள்ளியூர் வாசகன்

நமக்கு நாமே திட்டத்தில் கேட்டால் என்ன? நீங்கள் செலவழித்ததைப் பங்குத்தொகை என்று காட்டி மீதியை அரசிடம் வாங்கிக் கரைக்குக் கல் பதிக்கலாமே.

பழைய கோப்பு

முடிந்த வேலையைக் காட்டிப் பங்கு கேட்க முடியாது தம்பி. முதலில் பணம் கட்ட வேண்டும், நிர்வாக அனுமதி வர வேண்டும், அப்புறம்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். 1997-98இல் வந்த திட்டம் அது. 2011க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021இல் பழைய பெயருக்கே திரும்பியது. பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒன்று. பாதியோ அதற்கு மேலோ நீங்கள் போட்டால் டெண்டர் இல்லாமல் நீங்களே வேலையை எடுத்துச் செய்யலாம். அடுத்து மடை கட்டும்போது இதை யோசியுங்கள், அதற்கு நல்ல திட்டம். பழைய செலவுக்கு ஆகாது.

பாளையங்கால்

எனக்கு இந்த ஒப்பந்தம் என்கிற பேச்சே எரிச்சல். எங்கள் தாத்தா காலத்தில் என்ன ஒப்பந்தம் இருந்தது? கால்வாய்த் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். ஆள் அனுப்பாதவன் வீட்டுக்குத் தண்டம். அவ்வளவுதான். குடிமராமத்து என்றால் அது. வெள்ளைக்காரன்கூட 1858இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று எழுதித்தான் வைத்தான்.

2017இல் குடிமராமத்து என்று மறுபடி கொண்டு வந்தார்களே, விவசாயிகள் பங்கு பத்து சதவீதம், அதை உழைப்பாகவும் கொடுக்கலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பார்த்த ஓர் ஊரில் விவசாயிகள் சங்கம் ஒரே வாரத்தில் முளைத்தது. தலைவர் யார் என்று ஆயக்கட்டுக்காரர்களுக்கே தெரியாது. பத்து சதவீத உழைப்பு என்பது வருகைப் பதிவேட்டில் பெருவிரல் ரேகையாக மட்டும் இருந்தது. அங்கேயும் ஒப்பந்தம் இருந்தது, எல்லா முத்திரையோடும். அதனால் தாள் உங்களைக் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஊர் கூடி நின்றால் எந்த அதிகாரி என்ன செய்வார்?

மேலப்பாளையம் மதினி

பாளையங்கால் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு என் கதையைக் கேளுங்கள்.

நாங்கள் எட்டுப் பெண்கள், மகளிர் சுய உதவிக் குழு. ஒரு பேரூராட்சியில் (எது என்று சொல்ல மாட்டேன், எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்) உரக் கொட்டகையை எங்களிடம் ஒப்படைத்தார்கள். மக்கும் குப்பையை அரைக்க ஓர் எந்திரம், தொட்டிகள், தகரக் கூரை. ஒப்பந்தத்தில் 'இயக்கச் செலவு குழுவைச் சாரும்' என்று ஒரு வரி. எந்திரத்தை ஓட்டுகிற ஆள் கூலி, எண்ணெய், பெல்ட் மாற்றுவது, இதுதான் இயக்கச் செலவு என்று நாங்கள் நினைத்தோம். யாராயிருந்தாலும் அப்படித்தானே நினைப்போம்?

நாலு மாசம் போனது. ஒரு நாள் காலையில் மின்வாரிய ஆள் வந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டுப் போனார். இணைப்பு பேரூராட்சி பெயரில். பில் பேரூராட்சி முகவரிக்குப் போயிருக்கிறது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை. போய்க் கேட்டால், இயக்கச் செலவில் கரண்ட் பில்லும் அடக்கம் என்றார்கள். அதற்குள் மூன்று நாள் குப்பை குவிந்து, தண்ணீர் வடிந்து, பக்கத்துத் தெருவில் நாற்றம். சண்டைக்கு வந்தவர்கள் ஆபீசுக்குப் போகவில்லை, எங்களிடம்தான் வந்தார்கள். குழுச் சேமிப்பை எடுத்துக் கட்டினோம். அந்தச் சேமிப்பில் ஒருத்தியின் மகள் காலேஜ் பீஸ் கடன் நிலுவையில் இருந்தது.

ஊர் எங்கள் பக்கம்தான் இருந்தது அண்ணே. ஊரா பில் கட்டும்? அதனால் தம்பி, பொதுவான வார்த்தை எது கண்ணில் பட்டாலும் பேனாவை எடுத்து அடித்துவிடுங்கள். 'பராமரிப்பு' என்று இருந்தால் அதை உடையுங்கள். கரை மண் அரித்தால் யார்? மடை ஷட்டர் துருப்பிடித்தால் யார்? திரும்ப உடை முளைத்தால் யார்? செத்த மாட்டைக் கொண்டுவந்து போட்டால் யார் எடுப்பது? சிரிக்காதீர்கள், போடுவார்கள்.

தச்சநல்லூர் டீக்கடை

மதினி சொன்ன செத்த மாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் இரண்டு ஆபீஸ் எல்லைச் சண்டை. மூன்றாம் நாள் மாடே முடிவு செய்துவிட்டது.

டேம்ஸ் கரை நெல்லையான்

இங்கே இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருந்ததைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. 1998இல் அரசும் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்து 'காம்பாக்ட்' என்று ஓர் உடன்பாடு செய்துகொண்டன. பிறகு அந்தந்த ஊர் கவுன்சில்களும் உள்ளூர் அமைப்புகளோடு அதே மாதிரி தனித்தனியாக எழுதிக்கொண்டன. சட்டம் கிடையாது, கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் 2010இல் புதுப்பித்தபோது சில விஷயங்களைத் தெளிவாக எழுதினார்கள். நிதியை நிறுத்துவதானால் குறைந்தது மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். பெரிய முடிவு எடுக்கும் முன் கருத்துக் கேட்க 12 வாரம் தர வேண்டும்.

நான் உதவிக்குப் போகும் முதியோர் சாப்பாட்டு மன்றத்துக்கு இங்கே ஒரு கவுன்சில் கொடுத்துவந்த பணம் நின்றுபோனது. சிக்கன நடவடிக்கை வந்தபோது எல்லாருக்கும் நின்றது. ஆனால் மூன்று மாதம் முன்னால் கடிதம் வந்தது. அந்த மூன்று மாதத்தில் ஒரு சர்ச்சின் சமையலறையைப் பேசி முடித்தோம். கடிதம் இல்லாமல் திடீரென்று நின்றிருந்தால், அடுத்த செவ்வாய்க்கிழமை நாற்பது கிழவர்கள் பூட்டிய கதவின் முன்னால் நின்றிருப்பார்கள்.

பாளையங்கால்

அங்கே கடிதம் வரும். இங்கே ஆளே மாறிவிடுவார், யார் கடிதம் போடுவது? 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. நம் மாவட்டத்தில் அடுத்த தேர்தல் 2021 அக்டோபரில். இடையில் ஐந்து வருஷம் அரசு நியமித்த தனி அலுவலர்தான். மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பரிலேயே நடந்தது, தென்காசியைப் பிரித்ததால் நமக்கு அதுவும் தள்ளிப்போனது. அந்த ஐந்து வருஷத்தில் எந்தத் தலைவரிடம் போய் 'ஐயா, ஒத்துழைப்பு' என்று கேட்பீர்கள்?

திருப்புடைமருதூர்ப் பறவை

நல்ல இடத்துக்கு வந்தீர்கள் அண்ணாச்சி. ஆள் மாறினாலும் நிற்கிற மாதிரி ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் திருப்புடைமருதூர். அங்கே பறவைகள் வந்து அடையும் மரங்கள் உள்ள ஏழு ஏக்கர் சொச்சத்தை 2005 பிப்ரவரியில் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் காப்பகம் அதுதான். சரணாலயம் என்றால் வனத்துறை ராஜ்யம். இது அப்படி இல்லை. இந்த மாதிரிக் காப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் அந்தக் கிராம ஊராட்சியின் பிரதிநிதி ஒருவர், தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூன்று பேர், வேளாண்மைத் துறை, கால்நடைத் துறை ஆட்கள் எல்லாம் இருக்க வேண்டும் என்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ரேஞ்சர் மாறலாம், தலைவர் மாறலாம், நாற்காலி அப்படியே இருக்கும். நாற்காலியில் உட்காருபவர் தூங்கினால் அது வேறு விஷயம்.

உங்கள் குளத்துக்குச் சட்டம் வராது. ஆனால் 'தலைவர் திரு. இன்னார்' என்று எழுதாமல் பதவியைச் சொல்லி எழுதுங்கள். தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

பழைய கோப்பு

சரியாகச் சொன்னார். 2026 அக்டோபரோடு இப்போதைய பதவிக்காலமும் முடிகிறது, மறந்துவிடாதே தம்பி. ஜனவரி 26 கிராம சபை பத்து நாளில் வருகிறது. அதில் ஒரு தீர்மானம், ஒன்றியக் குழுவில் ஒரு தீர்மானம், இரண்டின் எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். நூறு ரூபாய்ப் பத்திரத்தை விட அந்த எண்தான் பெரிது. பத்திரம் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும், தீர்மானம் ஆபீசில் இருக்கும். நாளைக்குத் தகவல் உரிமையில் நகல் கேட்டு வாங்கலாம்.

உடைமரக்காடு

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு பிரச்சினை வந்திருக்கிறது. மீன்பாசிக் குத்தகைக்காரர் நேற்றுக் கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். பல வருஷமாகத் தண்ணீரே நிற்காத குளம் என்பதால் சும்மா பேருக்கு எடுத்து வைத்திருந்த குத்தகை. இப்போது தண்ணீர் நிற்கிறது, அவருக்கு லாட்டரி அடித்த மாதிரி. மாசி பங்குனியில் மடையைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு மீன் பிடிப்பாராம். பையன்கள் கொதிக்கிறார்கள். துபாய்க்காரன் ஒருவன் போனில் அழாத குறை.

பாளையங்கால்

இதுதான் நான் பயந்தது. குளம் வெட்டியவன் ஒருத்தன், வடிக்கிறவன் இன்னொருத்தன்.

மேலப்பாளையம் மதினி

மடையில் பழைய அளவுக் கல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். எங்கள் அம்மா ஊர்க் குளத்தில் இருந்தது. ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

உடைமரக்காடு

அக்கா, உங்களுக்குக் கோடி நமஸ்காரம்.

இன்று காலை முன்பு மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விட்ட பழைய நீர்ப்பாய்ச்சி தாத்தாவைச் சைக்கிளில் உட்கார வைத்துக் கரைக்குக் கூட்டிப் போனேன். எண்பது தாண்டிவிட்டது, கண் சரியில்லை. தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி மடைத் தூணை என்னைத் தடவச் சொன்னார். பாசி வழவழவென்று கைக்கு ஓடியது. 'கீழே, இன்னும் கீழே' என்று கரையிலிருந்து சத்தம் போட்டார். கல்லில் விரல் பதிகிற மாதிரி ஒரு வெட்டு. அதற்கு மேலே இன்னொன்று. மேல் வெட்டு வரைக்கும் வயலுக்கு. கீழ் வெட்டுக்கு வந்துவிட்டால் மடையை அடைத்துவிட வேண்டும், மிச்சம் ஆடு மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும் என்றார். 'மீன்காரன் கீழ் வெட்டு வரைக்கும்தான் வடிப்பான், அதுக்குக் கீழ வலை போட்டுத்தான் பிடிக்கணும்' என்று அவராகவே சொன்னார். நான் மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பழைய கோப்பு

அந்த வெட்டை ஒப்பந்தத்தில் ஏற்று. 'மடைத் தூணின் கீழ் அளவுக் குறிக்குக் கீழே எவரும் தண்ணீரை வெளியேற்றக் கூடாது, மீன்பாசி ஏல அறிவிப்பிலும் இது நிபந்தனையாகச் சேர்க்கப்பட வேண்டும்.' இரண்டாவது பாதிதான் முக்கியம். ஏல நிபந்தனையில் இல்லாததைக் குத்தகைக்காரர் மேல் சுமத்த முடியாது. நடப்பு ஏலம் பசலி 1435க்கு (ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு), 2026 ஜூன் 30 வரை. அதுவரைக்கும் அவரிடம் நல்லபடியாகப் பேசித்தான் ஆக வேண்டும். ஜூலை ஒன்று பசலி 1436 பிறக்கும்போது புது நிபந்தனையோடு ஏலம்.

உடைமரக்காடு

(மூன்று வாரம் கழித்து)

கிராம சபையில் தீர்மானம் ஏறிவிட்டது. ஒன்றியக் குழுக் கூட்டம் தள்ளிப் போய்ப் போன வாரம்தான் நடந்தது, அங்கேயும் ஏறிவிட்டது. ஒப்பந்தம் இப்போது ஒன்றரைப் பக்கம். மூன்று தரப்பு. தலைவர் முதலில் முகம் சுளித்தார், 'என்னை நம்பவில்லையா' என்றார். அக்டோபருக்குப் பிறகு நீங்களே ஊர்க்காரராக எங்களோடு வந்து நிற்கும்போது உங்களுக்கும் இது வேண்டும் என்று சொன்னேன். சிரித்துவிட்டுத் தன் பெயரை அடித்துவிட்டு 'தலைவர் / தனி அலுவலர்' என்று தானே எழுதினார்.

கரை அரிப்பும் ஷட்டரும் ஒன்றியம். புதிதாக முளைக்கும் உடையைப் பிடுங்குவது மன்றம், விறகு ஏலம் ஊராட்சி. செத்த மாடு ஊராட்சி (மதினிக்காகவே சேர்த்தோம்). விலகுவதானால் எந்தத் தரப்பும் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும்.

கிடைக்காதது: மரம் நட்டால் 2சி பட்டா மன்றத்துக்கு வேண்டும் என்று கேட்டோம், 'அதெல்லாம் தாசில்தார் ஆபீசில் பேச வேண்டியது' என்று கைவிரித்துவிட்டார்கள். இந்த வருஷக் குத்தகைக்காரர் கீழ் வெட்டோடு நிறுத்த ஒத்துக்கொண்டார், வாய் வார்த்தையாக. கரைக் கோயில் முன்னால் வைத்துச் சொன்னார், அதனால் பையன்கள் கொஞ்சம் அடங்கியிருக்கிறார்கள்.

ஷட்டர் திருகும் கைப்பிடி யாரிடம் இருப்பது என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டோம். இப்போதைக்கு டீக்கடையில் இருக்கிறது.

தச்சநல்லூர் டீக்கடை

எந்த டீக்கடை? என் கடை இல்லையே?

பழைய கோப்பு

கைப்பிடிக்கு ஒரு துணைத் தீர்மானம் போடு தம்பி. மே 1 கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது.